தரையில் கீறிய கப்பல் அறை

"சுனாமி வரக்குள்ள நீ எத்தினையாம் ஆண்டு படிச்ச?" என்று கேட்டுத்தான் எங்கள் பக்கத்தில் ஒருவர் வயதை மற்றவர் தெரிந்துகொள்கிறோம். நான் ஆண்டு எட்டு, பள்ளியில் எட்டாம் வகுப்பு. இதை வாசிக்கிற என் வயதுக்காரர்கள் ஆறிலோ ஏழிலோ ஒன்பதிலோ இருந்திருப்பீர்கள். இப்போது எல்லோரும் முதல் நரையைச் சீப்பால் மறைக்கிற பருவத்துக்கு வந்துவிட்டோம். முழங்காலும் மெல்லப் பேசத் தொடங்கிவிட்டது. ஆனாலும் அந்த ஒரு வருடக் கடைசியைப் பற்றி நமக்குள் யாராவது பேச்செடுத்தால் உடனே எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விடுகிறோம். இந்த முறை எழும்பாமல் இருந்து கேளுங்கள்.

போன மாதம் என்னோடு வேலை செய்கிற ஒருத்தி கேட்டாள். "நாங்க குடும்பமா முதல் முதல் கப்பல்ல சுத்தப் போறம். எவ்வளவு காலத்துக்கு முந்தி ஆயத்தப்படுத்த வேணும்? நீங்க போயிரிக்கீங்கதானே?"

"ஒரு மாசம் காணும்," என்றேன்.

அது பொய்யில்லை. மற்றவர்களுக்கு ஒரு மாதம் தாராளமாகக் காணும். எங்கள் வீட்டுக்குத்தான் ஏழு வருடம் பிடித்தது.

நாங்கள் பறங்கியர். போர்த்துக்கேயப் பெயர், மட்டக்களப்புத் தமிழ், வேதக் கோயில், தச்சுவேலை. கல்லடிப் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஒரு கையில் வாவியும் மறு கையில் கடலுமாக இருக்கும் துண்டு நிலத்தில் எங்கள் வீடு. எங்கள் வீடு என்று சொல்கிறேனே தவிர, அது மம்மாவும் அவரின் அக்காவும் பிறந்த வீடு. எங்கள் பக்கத்து வழக்கப்படி பப்பா கலியாணம் கட்டி அங்கே வந்து சேர்ந்தவர். மம்மாவின் அக்கா, அதாவது எங்கள் பெரியம்மா, கலியாணமே கட்டவில்லை. என்னையும் தம்பியையும் பெற்றது மம்மா என்றாலும், குளிப்பாட்டியதும் சோறு தீத்தியதும் காய்ச்சலுக்கு விழித்திருந்ததும் பெரியம்மாதான். விறாந்தையில் தையல் மெசினைப் போட்டு ஊருக்குக் கவுண் தைத்துக் கொடுப்பார். ஒரு கால் எப்போதும் கொஞ்சம் வீங்கியிருக்கும். மெசினை மற்றக் காலால் மிதிப்பார். அவர் பக்கத்தில் போனால் மெசின் எண்ணெயும் ஓடிக்கொலோனும் கலந்த ஒரு வாசம் வரும். அந்த வாசம் எனக்கு இன்னமும் எங்காவது தெருவில் வந்து போகிறது. திரும்பிப் பார்ப்பேன். யாரும் இருக்க மாட்டார்கள்.

கப்பல் கதையைத் தொடக்கிவைத்தது அவுஸ்திரேலியா அங்கிள், பப்பாவின் அண்ணன். சமாதானக் காலம் அது. பாதை திறந்து, செக்பொயின்ற்றில் ஆமிக்காரன் சிரிக்கக்கூடப் பழகியிருந்தான். அங்கிள், ஊரார் ரெலிபோன் பேசுகிற கொமியுனிகேசன் கடைக்குக் கோல் எடுத்து, அடுத்த வருடம் சிங்கப்பூரிலிருந்து வெளிக்கிடும் ஒரு பெரிய பயணக் கப்பலில் எங்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போகப் போவதாகச் சொன்னார். செலவு எல்லாம் அவருடையது. பப்பா கடையிலிருந்து வந்து குசினி வாசலில் நின்று, "நாங்க கப்பல்ல போறம்," என்றார். மம்மா அரிசி களைந்துகொண்டிருந்த கையை எடுக்காமலே, "மெய்தானா?" என்றார். அன்றைக்குச் சோறு குழைந்துபோனது.

பப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தரையில் முழு அளவில் கீறிப் பாராமல் அவர் ஒரு மரத்திலும் வாள் வைக்க மாட்டார். கட்டில் செய்யச் சொல்லி யாராவது வந்தால், நீலப்பொடி பூசிய நூலைத் தரையில் இழுத்துப் பிடித்துச் சுண்டிக் கட்டிலைக் கோடாகப் போடுவார். பிறகு வந்தவரை அதற்குள் படுத்துக் கால் நீட்டச் சொல்வார். ஊரில் பெரிய மனிதர்கள் பலர் எங்கள் பட்டறைத் தரையில் மல்லாந்து கிடந்ததை நான் கண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவர் ஒரு கப்பல் பயணத்துக்கு எப்படி ஆயத்தம் செய்வார்?

அடுத்த ஞாயிறு அங்கிளிடம் அறையின் அளவைக் கேட்டு வந்தார். மண்டபத்தில் கிடந்த கதிரைகளையும் மேசையையும் விறாந்தைக்குத் தூக்கச் செய்தார். நூலைப் பிடிக்க என்னை ஒரு மூலையில் குந்தவைத்தார். சுண்டிய ஒவ்வொரு முறையும் நீலப்பொடி மூக்கில் ஏறியது. பொழுதுபடும்போது எங்கள் மண்டபத்துச் சீமெந்துத் தரையில் ஒரு கப்பல் அறை கிடந்தது. ஒரு பக்கம் பெரிய கட்டில், மறுபக்கம் இரண்டு சின்னக் கட்டில், நடுவில் ஒரு ஒடுங்கிய நடைபாதை, வாசலோடு சின்னக் கழிப்பறை. கடல் பக்கச் சுவரில் வட்டமாக ஒரு ஜன்னலையும் கீறினார். அந்தச் சுவரில் உண்மையான ஜன்னல் கிடையாது.

"இனி இதுக்குள்ளதான் பழக வேணும்," என்றார் பப்பா. "அங்க போய் முழிக்கப்படாது."

பழகினோம். பின்னேரம் விளக்கு வைத்ததும் எல்லோரும் அந்த அறைக்குள் போய்விட வேண்டும். வாசல் என்று கீறிய இடத்தால்தான் போகலாம், வரலாம். கோட்டைக் கடந்தால், "செவத்துக்குள்ளால எப்படிப் புள்ள வருவ?" என்று அதட்டுவார். அப்படிப் பழகிப் பழகி, பகலில் தண்ணீர் குடிக்க ஓடும்போதுகூட நாங்கள் சுற்றிப் போய் வாசலால்தான் போனோம். நத்தார்ப் பண்டிகைக்கு முன் வீடு மந்திரித்து ஆசீர்வதிக்க வந்த கோயில் சுவாமி, தெரியாமல் சுவரைத் தாண்டிக் கட்டிலின்மேல் நின்று செபித்தார். பப்பா செபம் முடியும்வரை செருமிக்கொண்டே இருந்தார்.

மம்மாவின் ஆயத்தம் வேறு மாதிரி. தேசிக்காய் ஊறுகாய், பிளாஸ்ரிக் பை, ஓமத்தண்ணி. கப்பலில் தலை சுற்றும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதனால் எங்கள் வயிற்றைப் பழக்கவென்று பப்பா ஒரு தோணிக்காரரைப் பிடித்து எங்களை வாவியில் சுற்றவைத்தார். குளத்துத் தண்ணீர் போல அசையாமல் கிடந்த வாவியில் வாந்தி எடுத்த ஒரே ஆள் பப்பாதான். தோணிக்காரர் இந்தக் கதையைச் சந்தைவரை கொண்டுபோனார்.

ஊர் பகிடி பண்ணத் தொடங்கியது அப்போதுதான். எல்லோரையும்விட மோசம், பக்கத்து வீட்டு மேசன். எங்கள் மண்டபம் அவர் வீட்டுக் கிணற்றடியிலிருந்து பார்த்தால் தெரியும். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தண்ணி உள்ளுக்கு வருது! ஓடுங்க! ஓடுங்க!" என்று கத்துவார். நாங்கள் அறைக்குள் இருந்தபடி ஜன்னல் பக்கம் திரும்பி, கப்பலில் போகிறவர்கள் மாதிரிக் கை காட்டுவோம். பெரியம்மாதான் முதலில் அப்படிக் கை காட்டியது. அவர் விறாந்தையில் மெசினடியில் இருந்தபடி காட்டுவார். மேசன் சிரித்துக்கொண்டு போவார். ஒவ்வொரு நாளும் இது நடந்தது.

மம்மா தரை துடைக்கத் துடைக்கக் கோடு அழிந்துகொண்டு வந்தது. ஒரு நாள் பப்பா உளியை எடுத்து வந்து பெரியம்மாவிடம் கேட்டார். தரை பெரியம்மாவின் தகப்பன் இழைத்துப் போட்ட தரை.

"அக்கா, ஒரு நூலளவுக்குத்தான் வெட்டுவன். வந்த புறகு பூசித் தாறன்."

"வெட்டுங்க தம்பி," என்றார் பெரியம்மா. "புள்ளைகள் சந்தோசமா இரிக்கட்டும்."

பப்பா கோடு முழுவதையும் உளியால் வெட்டி வெள்ளைப் பெயின்ற் நிரப்பினார். அந்தச் சத்தம் முடியும்வரை பெரியம்மா மெசினை மிதித்துக்கொண்டிருந்தார்.

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். அறையில் நாலு பேருக்குத்தான் இடம் இருந்தது. பப்பா, மம்மா, நான், தம்பி. பெரியம்மாவின் வீட்டுத் தரையில், பெரியம்மா சம்மதித்து வெட்டிய அறைக்குள், பெரியம்மாவுக்கு ஒரு கட்டில் இல்லை.

பப்பா மனச்சாட்சி இல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் எத்தனையோ பின்னேரம் நடைபாதையில் ஐந்தாவது கட்டிலைச் சோக்கால் போட்டுப் பார்த்தார். நீளமாகப் போட்டால் கழிப்பறைக் கதவு திறக்காது. குறுக்கே போட்டால் யாரும் இறங்க முடியாது. கதவைத் திறக்கிற மாதிரிக் கையை வீசி வீசிப் பார்ப்பார். பிறகு உள்ளங்கையால் சோக்கைத் துடைப்பார்.

"இடமில்ல," என்பார்.

"அங்கிளிட்ட ஒருக்காக் கேட்டுப் பாருங்களன்," என்பார் மம்மா.

"கேக்க என்ன இரிக்கி? அளவு சொல்லுதுதானே. அந்தாள் காசு போட்டுக் கூப்பிடக்குள்ள, பொஞ்சாதிட அக்காவையும் கொண்டுவாறன் எண்டு எந்த வாயால கேப்பன்?"

"எங்கிட அக்கா இல்லாம நான் எங்கயும் போனதில்ல. உங்களுக்குத் தெரியும்."

"அப்ப நான் நிக்கிறன். நீங்க நாலு பேரும் போங்க."

கோட்டுக்கு வெளியே பெரியம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "என்ன புள்ள இது, சின்னப்புள்ளைகள் மாதிரி? வீட்டைப் பாக்க ஆள் வேணும். நான் கரையில நிண்டு கை காட்டுறன்," என்பார். எங்கள் நாலு பேருக்கும் கப்பலுக்கு உடுப்பு அவர்தான் தைத்தார். எனக்கு மஞ்சள் கவுண், தம்பிக்கு வெள்ளைக் கழுசான். ஒவ்வொன்றையும் உடுத்தி, கோட்டுக்குள் நிற்கவைத்து, வெளியே நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார். அறை கீறிய பிறகு வந்த மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட அவர் கோட்டுக்குள் கால் வைத்து நான் காணவில்லை.

மார்கழி பிறந்த பிறகு அந்த அறையில் ஏதோ ஒன்று சரியில்லாமல் போனது. அப்போது எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. தம்பியிடம் உருட்டி விளையாடுகிற கோலிக்குண்டு, ஒரு பச்சைக் கண்ணாடிப் போளை, இருந்தது. அதை அறைக்குள் எந்த மூலையில் வைத்தாலும் மெதுவாக உருண்டு நடைபாதையின் நடுவுக்கு வந்து நிற்கும். பப்பா மட்டப்பலகை வைத்துப் பார்த்தார். குமிழி அசையாமல் நடுவில் நின்றது. தரை மட்டம்தான். போளையை மறுபடி வைத்தார். அது உருண்டு அதே இடத்துக்கு வந்தது. அவர் சோக்கால் ஐந்தாவது கட்டில் போட்டுப் போட்டு அழித்த இடம் அது. பப்பா போளையை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, "போய்ப் படி," என்று என்னை அதட்டினார். நான் ஒன்றும் கேட்கவேயில்லை.

இன்னொரு பின்னேரம் தம்பி அந்த நடைபாதையில் மல்லாந்து கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டுக்குத் தட்டுப்பலகை இல்லை, வெறும் ஓடுதான். அவன் விரலை நீட்டி, "பெரியம்மா அங்க படுத்திரிக்கா," என்றான்.

"எங்க?" என்று கேட்டேன்.

"மேல. என்னைத்தான் பாக்கா."

பெரியம்மா அப்போது கோழிக்குத் தீன் போட வளவுக்குள் போயிருந்தார். மம்மா ஓடிவந்து தம்பியின் வாயில் ஒன்று போட்டார். மம்மா எங்களை அடிப்பவர் அல்ல. அடித்த கையோடு அவனை அணைத்துக்கொண்டு அவரும் அழுதார். வளவுக்குள்ளிருந்து பெரியம்மா, "என்னடி அங்க?" என்று கூப்பிட்டது கேட்டது. குரல் வளவுக்குள்ளிருந்துதான் வந்தது. இருந்தும் நான் ஒருமுறை ஓட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தேன்.

நத்தார் வந்தது. லவ்கேக், புரூடர், வெள்ளித்தாள் நட்சத்திரம், உறவு மாமாமார் வந்து வாசித்த எங்கள் வீட்டு வயலின், நடுச்சாமப் பூசை எல்லாம் ஒரு குறையுமின்றி நடந்தன. அடுத்த நாள் ஞாயிறு. நாலு பேரும் பாலம் கடந்து பட்டணத்துக் கோயிலுக்குப் போனோம். நடுச்சாமப் பூசையில் நின்றதால் கால் வீங்கிவிட்டது என்று பெரியம்மா வரவில்லை. நாங்கள் வெளிக்கிடும்போது மெசினுக்கு அடியில் எதையோ துணியால் மூடிவைத்தார். "என்ன பெரியம்மா?" என்றேன். "வந்து பார் புள்ள," என்றார். நான் திரும்பிப் பார்த்தபோது விறாந்தையில் நின்றுகொண்டிருந்தார்.

பூசையின் பாதியில் கோயிலுக்கு வெளியே சத்தம் எழுந்தது. சனம் பாலத்தால் ஓடிவந்துகொண்டிருந்தது, ஈர உடுப்போடும் உடுப்பில்லாமலும். "கடல் வருது" என்பதைத் தவிர வேறொன்றும் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கடல் எப்படி வரும் என்று பப்பா ஒருவரைப் பிடித்துக் கேட்டார். அந்த மனிதர் கையை உதறிக்கொண்டு ஓடினார். மம்மா சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பாலத்தை நோக்கி ஓடினார். இரண்டு பேர் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. அன்றைக்கு எங்களை அந்தப் பக்கம் போக விடவில்லை.

அடுத்த நாள் போனோம். நான் பார்த்த மற்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. நீங்களும் பார்த்தவர்கள்தான்.

எங்கள் வீட்டைத் தேட வேண்டியிருந்தது. ஓடு இல்லை, சுவர் இல்லை, கிணற்றுக் கட்டு இல்லை. அலுமாரி, வயலின், தையல் மெசின், மஞ்சள் கவுண், பப்பாவின் உளிப்பெட்டி எதுவும் இல்லை. வெறும் தரை மட்டும் கிடந்தது. கடல் அதை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போனதுபோல் சுத்தமாக இருந்தது. அந்தத் தரையில் எங்கள் வீட்டின் அறைகள் எவை எங்கே இருந்தன என்று சொல்ல ஒரு அடையாளமும் மிஞ்சவில்லை. கப்பல் அறை மட்டும் அப்படியே இருந்தது. வெள்ளைக் கோடு, கட்டில்கள், நடைபாதை, வாசல். நடைபாதையின் நடுவில் தம்பியின் பச்சைப் போளை. பப்பா சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். அன்றைக்குப் போளையைப் போட்டுவைத்த சட்டை வீட்டோடு கடலில் போய்விட்டிருந்தது.

மம்மா தரையில் ஏறினார். அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு போனவர் கோட்டடியில் நின்றார். பிறகு சுற்றி நடந்து வாசலுக்குப் போய், வாசலால் உள்ளே போனார். சுற்றிவரக் காற்றும் கடலும்தான். நாங்கள் மூவரும் அவருக்குப் பின்னால் அதே வாசலால் போனோம். அப்போது யாருக்கும் அது விசித்திரமாகத் தெரியவில்லை.

மேசன் உயிரோடு இருந்தார். தென்னையைக் கட்டிப்பிடித்துத் தப்பியிருந்தார். நெஞ்செல்லாம் உரிந்து கிடந்தது. எங்களைக் கண்டதும் தூரத்திலேயே நின்றுவிட்டார். பப்பாதான் போய்க் கேட்டார்.

"அக்காவைக் கண்டயா?"

"கண்டன்." மேசன் எங்கள் தரைப் பக்கம் கையை நீட்டினார். "புதுக் கவுண் ஒண்டு உடுத்திரிந்தா. நீலம். வெள்ளைக் கொலர். அந்த நடைபாதைக்குள்ள கதிரையைப் போட்டு இரிந்தா, ஜன்னலுக்கு நேர. நான் ஓடிவரக்குள்ள வேலியால கத்தினன். தண்ணி உள்ளுக்கு வருது, ஓடுங்க, ஓடுங்க எண்டு கத்தினன்."

"புறகு?"

"சிரிச்சா. என்னைப் பாத்துக் கை காட்டினா."

அவர் ஈர மணலில் குந்திக்கொண்டு தலையில் அடித்து அழுதார். "ஒவ்வொரு நாளும் நான்தானே கத்தினன். ஒவ்வொரு நாளும் நான்தானே."

மெசினுக்கு அடியில் மூடிவைத்திருந்தது அந்த நீலக் கவுண்தான். எங்களுக்குத் தைத்துக்கொண்டே தனக்கும் ஒன்று தைத்திருக்கிறார். ஐந்தாவது இடம் எப்படியாவது கிடைக்கும் என்று நினைத்தாரா, அல்லது வீட்டில் யாரும் இல்லாத ஒரு காலையில் மட்டும் உடுத்தி அந்த அறைக்குள் இருந்து பார்க்க ஆசைப்பட்டாரா? எனக்குத் தெரியாது. கேட்கவும் ஆளில்லை. பெரியம்மாவின் உடல் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு பப்பா தரையில் கீறுவதை விட்டுவிட்டார். சுனாமியில் வீடிழந்தவர்களுக்குக் கட்டிய வீடுகளுக்குக் கொடுத்த அளவில் கதவுகள் அடித்தார். எல்லாக் கதவும் ஒரே அளவு. அதோடு சண்டையும் திரும்பி வந்தது. வாகரைச் சனம் பனிச்சங்கேணி தாண்டி, பிள்ளைகளைத் தோளில் சுமந்துகொண்டு எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. நாங்கள் பட்டணத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். கடைசியில் வடக்கில் எல்லாம் முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்ன அன்றைக்குத் தெருவில் வெடி கொளுத்தினார்கள். மம்மா கதவைச் சாத்திவிட்டுச் செபமாலையை எடுத்தார். யார் யாருக்காக என்று நாங்கள் கேட்கவில்லை.

அங்கிள் மறுபடி கேட்டது அதற்குப் பிறகு இரண்டாம் வருடம். பப்பா மாட்டேன் என்றார். மம்மாதான், "போவம்," என்றார். ஏன் என்று சொல்லவில்லை. இந்தத் தடவை ஒரு ஆயத்தமும் இல்லை. ஊறுகாய் இல்லை, ஓமத்தண்ணி இல்லை. வெளிக்கிட முதல் நாள் ஒரு பெட்டியில் கையில் கிடைத்ததை அடுக்கினோம்.

சிங்கப்பூரில் கப்பல் ஏறி, நீண்ட தாழ்வாரத்தால் நடந்து, பப்பா எங்கள் அறைக் கதவைத் திறந்தார். பெரிய கட்டில், இரண்டு சின்னக் கட்டில், ஒடுங்கிய நடைபாதை, வாசலோடு கழிப்பறை, வட்ட ஜன்னல். கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எனக்கு எதிலும் இடித்திருக்காது. பப்பா சுவரில் உள்ளங்கையை வைத்தார். நூலளவு பிழையில்லாமல் கீறியிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் மணியடித்து, எல்லோரும் உயிர்காப்பு அங்கியோடு மேல்தளத்துக்கு வந்து பழகவேண்டும் என்று அறிவித்தார்கள். அலுமாரியைத் திறந்து அங்கிகளை எடுத்த தம்பி, "ஒண்டு கூட இரிக்கி, பப்பா," என்றான். ஐந்து இருந்தன. "மிச்சத்துக்கு வெச்சிரிப்பான்," என்றார் பப்பா. நாங்கள் நாலு பேரும் போய் வெயிலில் வரிசையில் நின்றோம். அங்கிளின் குடும்பமும் அங்கேதான் நின்றது. பின்னேர வெளிச்சம் கண்ணைக் குத்தியது.

திரும்பி வந்தபோது அறையில் ஐந்தாவது கட்டில் இருந்தது.

நடைபாதைக்கு மேலே, கூரையிலிருந்து இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளை விரிப்பு, ஒரு தலையணை, மடித்த போர்வை, ஏறுவதற்கு ஒரு சின்ன ஏணி. கீழே ஒருவர் தலை குனியாமல் நடக்க இடம் இருந்தது. கழிப்பறைக் கதவும் தாராளமாகத் திறந்தது. அறை ஒழுங்குபண்ணுகிற பையன் துவாய்களோடு வாசலில் நின்றான். இங்கிலீஷில் பேசத் தெரிந்தவள் நான் என்பதால் நான்தான் கேட்டேன். இது ஐந்து பேருக்கான அறை என்றான். இந்தக் கட்டில் கூரைக்குள் மடித்துக் கிடக்கும், கேட்டால் இறக்கிக் கொடுப்போம் என்றான்.

"நாங்கள் கேட்கவில்லையே," என்றேன்.

அவன் என்னை விளங்காமல் பார்த்தான். நீங்கள் மேலே போயிருந்த நேரம் ஒரு அம்மா ஜன்னலடியில் இருந்தாரே, அவருக்குப் படுக்கக் கட்டில் காணாதே என்றுதான் இறக்கினேன், என்றான். அவருக்குக் கால் ஏலாது போலிருந்தது, ஏணியில் ஏற உதவி வேண்டுமென்றால் மணியை அடியுங்கள், என்றும் சொன்னான்.

"என்ன சொல்றான்?" என்று மம்மா கேட்டார்.

சொன்னேன். முழுவதையும் சொன்னேன்.

தம்பி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குச் சின்ன வயதில் அடி வாங்கியது நினைவிருந்ததோ என்னவோ. பப்பா சின்னக் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மறுபடி தரையைப் பார்த்தார்.

"நான் கீழ மட்டும்தானே பாத்தன்," என்றார். "கீழ மட்டும்தானே கீறினன். ஒரு வார்த்த கேட்டிரிந்தா..."

பிறகு அவர் அழுதார். சத்தம் போட்டு அழுதார். அந்த ஏழு வருடத்தில் பப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பையன் பயந்துபோய், வேண்டாம் என்றால் கட்டிலை மடித்துவிடுகிறேன் என்றான்.

"மடக்க வேணாமெண்டு சொல்லு," என்றார் மம்மா.

கப்பல் ஊதியது. தரை மெல்ல அதிர்ந்து நகரத் தொடங்கியது. வட்ட ஜன்னலுக்கு வெளியே துறைமுகம் விலகிக்கொண்டிருந்தது. மேல்தளத்தில் சனம் கரையைப் பார்த்துக் கை காட்டி ஆரவாரம் செய்வது எங்கள் அறைவரை கேட்டது. மம்மா ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடைபாதையின் நடுவில் நின்றார். தலையணையில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. ஓடிக்கொலோன் வாசம் வந்தது. நான் மட்டுமல்ல, நாலு பேரும் அதை முகர்ந்தோம்.

மம்மா அந்தக் கட்டிலை அண்ணாந்து பார்த்து, மேசன் கத்தும்போது நாங்கள் காட்டுவோமே, அதே மாதிரிக் கை காட்டினார்.